கோடு நேராகத்தான் இருக்கிறது

மார்ச் மாதத்துக் காலை. முப்பந்தலைத் தாண்டி, பணகுடிப் பக்கம் நிற்கும் ஒரு காற்றாலையின் டவருக்குள், தரையிலிருந்து ஐம்பது மீட்டர் உயரத்தில், தகடு போட்ட மேடை ஒன்றில் மூன்று பேர் நிற்கிறோம். ஏணி ஏறி வந்த மூச்சு எனக்கு இன்னும் அடங்கவில்லை. மற்ற இருவருக்கும் அது வீட்டு மாடிப்படி ஏறிய மாதிரி. சுற்றிலும் வெள்ளை பெயின்ட் அடித்த இரும்புச் சுவர். அந்தச் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு தடித்த வளையம் ஓடுகிறது. டவரின் கீழ்த்துண்டும் மேல்துண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் இடம். ஃபிளாஞ்ச் என்பார்கள். வளையம் நெடுகப் பெருவிரலைவிடத் தடித்த போல்ட்டுகள், 120 இருக்கும். ஒவ்வொரு நட்டிலும் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு. நட்டின் மேல் தொடங்கி, வாஷரைக் கடந்து, வளையத்தில் வந்து முடிகிறது.

சின்னவர் டார்ச்சை அடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தார்.

"கோடு பூரா நேராத்தான் இருக்கு அண்ணாச்சி."

"நேரா இருந்தா நட்டு திரும்பலன்னு அர்த்தம் மக்கா. போல்ட்டு இறுக்கமா இருக்குன்னு அது எங்க சொல்லுது?"

கீழே ஜீப்பிலிருந்து ஹைட்ராலிக் ரெஞ்சும் அதன் பம்ப்பும் கயிற்றில் ஏறி வர இன்னும் நேரமாகும். அதுவரை அண்ணாச்சியின் கேள்வியை வைத்துக்கொண்டிருப்போம். காற்றாலைச் சோதனை என்ற தொழிலின் மொத்தத் தலைவலியும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. பார்க்க வேண்டியது ஒன்றாகவும், கண்ணுக்குக் கிடைப்பது இன்னொன்றாகவும் இருக்கிறது. இழுவிசையைக் கண்ணால் பார்க்க முடியாது, அதனால் கோட்டைப் பார்க்கிறோம். பல்சக்கரத்தின் தேய்மானத்தைப் பார்க்க முடியாது, அதனால் எண்ணெயைப் பார்க்கிறோம். இறக்கையின் உள்ளே ஒட்டு விட்டிருக்கிறதா என்று பார்க்க முடியாது, அதனால் தட்டிக் கேட்கிறோம்.

*

முதலில், ஏன் மார்ச்?

தென் தமிழகத்தில் காற்றாலைக்காரர்களின் வருஷம் மே மாதத்தில் பிறக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத்தொடர்ச்சி மலையில் முட்டி, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று கிடைத்த இடைவெளிகளில் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு வெளியே வரும். ஆடியில் அது உச்சத்தில் இருக்கும். தமிழகத்தில் நிறுவப்பட்டிருக்கும் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அவை ஒரு வருஷத்தில் தரும் மின்சாரத்தில் பெரும்பங்கு மே முதல் செப்டம்பர் வரையான ஐந்து மாதத்தில் வந்துவிடுகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது இயற்பியல். ஆகவே ஆடியில் ஒரு நாள் எந்திரம் நின்றால் ஏற்படும் நஷ்டமும் மாசியில் ஒரு நாள் நின்றால் ஏற்படும் நஷ்டமும் ஒன்றல்ல. மாசியில் அது எப்படியும் பாதி நேரம் சும்மாதான் நிற்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. காற்று பலமாக இருந்தால் மேலே வேலை செய்யக்கூடாது. எந்த வேகத்துக்கு மேல் டவர் உச்சியில் இருக்கும் நாசெல் என்ற எந்திர அறையின் கூரையில் ஏறக்கூடாது, எதற்கு மேல் இறக்கைகள் சேரும் குடத்துக்குள் நுழையக்கூடாது என்று ஒவ்வொரு எந்திரத்தின் கையேட்டிலும் எழுதியிருக்கும். எனவே காற்று இல்லாத மாதங்களில் ஊர் ஊராக ஜீப்புகள் ஓடுகின்றன. பள்ளிக்கூடத்துக்கு ஜூன் எப்படியோ, இவர்களுக்கு மே முதல் வாரம் அப்படி. அதற்குள் எல்லா எந்திரத்தையும் ஏறிப் பார்த்து முடித்திருக்க வேண்டும்.

*

கட்டடத் தொழிலாளிகள் கட்டுக்கம்பியை வெட்டுவதற்குக் கத்தரி தேடுவதில்லை. இப்படியும் அப்படியுமாக நாலைந்து முறை மடக்கினால் கம்பி தானே ஒடிகிறது. கையால் இழுத்து அறுக்க முடியாத அதே கம்பிதான். காற்றாலை உடைவதும் பெரும்பாலும் இந்த வகைதான். புயல் வந்து ஒரே அடியில் சாய்ப்பது அபூர்வம். சின்னச் சின்ன விசைகள் கோடிக்கணக்கான முறை வந்து போவதில்தான் உலோகம் சோர்ந்துபோகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு 15 சுற்று சுற்றும் எந்திரம் ஒரு நாளில் 21,600 சுற்று சுற்றும். வருஷத்துக்கு ஏறக்குறைய 79 லட்சம். காற்றாலைகளைப் பொதுவாக 20 வருஷ ஆயுளுக்கு வடிவமைக்கிறார்கள். நில்லாமல் சுற்றினால் 15 கோடிக்கு மேல். காற்றில்லாத நாட்களைக் கழித்தாலும் பத்துக் கோடி தேறும். ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை ஒரு பக்கம் மேலிருந்து கீழே வரும்போது அதன் எடை அதை ஒரு திசையில் வளைக்கும். மறுபக்கம் கீழிருந்து மேலே போகும்போது எதிர்த்திசையில் வளைக்கும். பல டன் எடையுள்ள கட்டுக்கம்பி, பத்துக் கோடி முறை மடக்கப்படுகிறது.

இந்த நோயைப் பலரும் கவனிக்கவைத்தது ரயில். 1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் இன்ஜின் அச்சு ஒடிந்து, பெட்டிகள் தீப்பிடித்து ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு, அதன் தாங்குதிறனுக்குள் இருந்த சுமையிலேயே, ஏன் ஒடிந்தது? அடுத்த சில பத்தாண்டுகளில் பிரஷ்ய ரயில்வேயில் வேலை பார்த்த ஆகஸ்ட் வோலர் என்ற பொறியாளர் அச்சுகளைச் சுற்றவிட்டு வளைத்து வளைத்துப் பார்த்து ஒரு வரைபடம் போட்டார். எவ்வளவு விசை கொடுத்தால் எத்தனை முறையில் உடையும் என்பது அதில் தெரியும். இன்று காற்றாலை வடிவமைப்பவரின் கணினிக்குள்ளும் அந்த வரைபடத்தின் பேரப்பிள்ளைதான் இருக்கிறது.

இந்த நோயில் சோதனைக்காரருக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சோர்வில் வரும் உடைப்பு திடீரென்று வருவதில்லை. முதலில் மயிரிழை அளவில் ஒரு விரிசல் பிறக்கிறது. அது மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் ஊர்ந்து வளர்கிறது. மிச்சமிருக்கும் உலோகம் சுமையைத் தாங்க முடியாத அன்றுதான் படாரென்று போகிறது. இடைப்பட்ட அந்த அவகாசத்துக்குள் யாராவது பார்த்துவிட்டால் போதும்.

பார்த்தால் மட்டும் போதுமா என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1941-ல் வெர்மான்ட் மாநிலத்தில் கிராண்ட்பாஸ் நாப் என்ற குன்றின் மேல் 1.25 மெகாவாட் எந்திரம் ஒன்றை நிறுத்தினார்கள். உலகின் முதல் மெகாவாட் காற்றாலை. பாமர் பட்னம் என்ற பொறியாளரின் கனவு. இரண்டே இறக்கைகள், 53 மீட்டர் விட்டம். 1943-ல் முக்கியமான பேரிங் ஒன்று போனது. உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் மாற்றுப் பேரிங் வந்து சேர இரண்டு வருஷம் ஆனது. இறக்கையில் பலவீனமான இடம் ஒன்று இருப்பது அவர்களுக்கு முன்பே தெரியும். இரும்புத் தட்டுப்பாட்டில் அதைப் பலப்படுத்த வழியில்லை. 1945 மார்ச்சில் திரும்ப ஓடவிட்ட சில வாரங்களிலேயே, 26-ஆம் தேதி, சுமார் எட்டு டன் எடையுள்ள இறக்கை அந்த இடத்திலேயே ஒடிந்து இருநூறு மீட்டருக்கு அப்பால் போய் விழுந்தது. மொத்தம் 1,100 மணி நேரம் ஓடியிருந்தது. அதோடு அந்தத் திட்டமே முடிந்தது.

அங்கே குறையைக் கண்டுபிடிப்பதில் கோளாறு எதுவும் இல்லை. எழுதி வைத்த குறைக்கும் சரிசெய்த குறைக்கும் நடுவில் ஒரு போர் நின்றது. நம் பக்கத்தில் போர் இருக்காது. உதிரிபாகத்துக்கு ஆர்டர் போட்டிருக்கிறோம் என்ற வரி இருக்கும்.

*

போல்ட்டுக்குத் திரும்புவோம்.

லாரியில் பாரம் ஏற்றிக் கயிறு கட்டுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். முறுக்குக் கம்பைச் செருகி, கயிறு விண்ணென்று ஆகும்வரை இறுக்குவார்கள். இறுகிய கயிறு ஊர் போய்ச் சேரும்வரை அசையாது. தொய்ந்த கயிறோ ஒவ்வொரு பள்ளத்திலும் வெட்டி வெட்டி இழுபட்டு, பாதி வழியில் அறுந்துவிடும். டவர் போல்ட்டும் அப்படித்தான். சரியாக இறுக்கியிருந்தால், இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று அத்தனை பலமாக அழுத்திக்கொண்டிருக்கும். காற்று டவரை ஆட்டும்போது வரும் ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கை அந்த அழுத்தமே வாங்கிக்கொள்ளும். போல்ட்டுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். இறுக்கம் குறைந்தால் முழு ஆட்டமும் போல்ட்டின் தலையில் விழுகிறது. அப்புறம் கட்டுக்கம்பிக் கதைதான்.

ஆகவே நமக்கு வேண்டியது போல்ட் எவ்வளவு நீண்டிருக்கிறது, அதற்குள் எவ்வளவு இழுவிசை இருக்கிறது என்பது. ரெஞ்சில் காட்டுவதோ முறுக்குவிசை. இரண்டுக்கும் நடுவில் உராய்வு உட்கார்ந்திருக்கிறது. நட்டைத் திருப்பக் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழப் பாதி நட்டின் அடிப்பக்க உராய்வுக்கே செலவாகிவிடும். இன்னொரு நாற்பது சதவீதத்தை மரைகள் தின்றுவிடும். போல்ட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது பத்து சதவீதம் போல. மரையில் துரு இருந்தாலோ, தூசி படிந்தாலோ, பூசவேண்டிய கறுப்புப் பேஸ்ட்டைப் பூசாமல் விட்டாலோ உராய்வு கொஞ்சம் கூடும். கூடுகிற அந்தக் கொஞ்சம், மிச்சமிருக்கிற பத்திலிருந்துதான் கழியும். ரெஞ்ச் சரியான அளவைக் காட்டும், ஆனால் போல்ட்டுக்குள் பாதி இழுவிசைகூட இருக்காது.

2015 டிசம்பர் 24. சுவீடனில் லெம்ன்ஹுல்ட் என்ற இடத்தில் 3 மெகாவாட் காற்றாலை ஒன்று முழுசாகச் சாய்ந்து விழுந்தது. நிறுவிச் சில வருஷங்களே ஆன எந்திரம். அந்த நாட்டின் விபத்து விசாரணை ஆணையம் தோண்டித் துருவிப் பார்த்தது. டவரின் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் போல்ட்டுகளில் போதிய இழுவிசை ஏறியிருக்கவில்லை. அவை சோர்ந்து ஒவ்வொன்றாக ஒடிந்தன. யாரோ இறுக்க மறந்துபோன கதை என்று நினைத்தால் தப்பு. இறுக்கியிருந்தார்கள். இறுக்கியது போய்ச் சேரவில்லை.

அதனால்தான் புது எந்திரத்தில் ஓட ஆரம்பித்த சில நூறு மணி நேரத்திலேயே திரும்ப ஒருமுறை ஏறி எல்லா போல்ட்டையும் இறுக்கச் சொல்கிறார்கள். பெயின்ட் நசுங்கும், பரப்புகள் ஒன்றுக்கொன்று பதியும், அதில் கொஞ்சம் இறுக்கம் போகும். அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஒரு பங்கை மட்டும் சோதித்தால் போதும். பத்தில் ஒன்று என்பது பரவலான வழக்கம். அந்தப் பத்தில் ஒன்றில் ஒரே ஒரு நட்டு, விதித்த முறுக்குவிசையில் நகர்ந்துவிட்டால், சோதனை அங்கே முடியாது. வளையத்தில் உள்ள அத்தனையையும் செய்ய வேண்டும்.

*

இறக்கையைச் சோதிக்கிறவர்களின் பழைய கருவி ஒரு சின்னச் சுத்தியல். சந்தையில் மண்பானை வாங்கும்போது நம் பாட்டிகள் செய்ததையேதான் செய்கிறார்கள்: தட்டிக் கேட்கிறார்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். உள்ளே படலம் பிரிந்திருந்தால் சத்தம் பொத்தென்று விழும். இறக்கை என்பது கண்ணாடியிழைத் துணியைப் படலம் படலமாக விரித்து, ரெசின் ஊற்றி இறுகவைத்து, இரண்டு பாதிகளாகச் செய்து, நடுவில் தாங்குசுவர் கொடுத்துப் பசையால் ஒட்டிய பொருள். வெளியே வழவழவென்று ஒரே துண்டாகத் தெரிந்தாலும் உள்ளே எல்லாம் ஒட்டுதான். ஒட்டு விட்டால் வெளியே எதுவும் தெரியாது, வெகு நாளைக்கு.

கயிற்றில் தொங்கிக்கொண்டு நாற்பது, ஐம்பது மீட்டர் நீள இறக்கையை அங்குலம் அங்குலமாகத் தட்டுவது நடக்கிற காரியமா? அந்த இடத்துக்குத்தான் ட்ரோன் வந்தது. எந்திரத்தை நிறுத்தி, இறக்கையைக் கீழ்நோக்கி நிறுத்திவைத்துவிட்டு ஒரு ட்ரோனை விட்டால், மூன்று இறக்கைகளின் நான்கு பக்கத்தையும் நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடுகிறது. படங்களைத் தரம் பிரிக்க மென்பொருள் இருக்கிறது. அருமையான சாதனம், மறுக்கவில்லை. ஆனால் அது பார்ப்பது தோலை. உள்ளே விட்டுப்போன ஒட்டு படத்தில் விழாது. மீயொலி ஸ்கேனோ, உள்ளே ஊர்ந்துபோகும் குட்டி ரோபோவோ, இல்லை அந்தச் சுத்தியலோதான் வேண்டும்.

தோலில் தெரிவதும் குறைவில்லை. 100 மீட்டர் விட்டமுள்ள எந்திரம் நிமிஷத்துக்கு 15 சுற்று சுற்றினால் இறக்கை நுனி மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கீழேயிருந்து பார்க்கிறவருக்குச் சோம்பலாகச் சுற்றுகிற மாதிரி இருக்கும். அந்த வேகத்தில் எதிர்ப்படும் மழைத்துளி நீராக நடந்துகொள்வதில்லை. மோதும் அந்தக் கணத்தில் வளிமண்டல அழுத்தத்தைப்போல ஆயிரம் மடங்கு அழுத்தம் ஒரு புள்ளியில் விழுகிறது. இராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்துச் செம்மண் புழுதி அதோடு சேர்ந்துகொள்ளும். சில வருஷத்தில் இறக்கையின் முன்விளிம்பு உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகும். பிறகு பெயின்ட் உரியும். பிறகு இழை வெளியே வரும். மூக்கு சிதைந்த இறக்கையில் காற்று ஒழுங்காக வழுக்காது, உற்பத்தி சில சதவீதம் குறையும். டேப் ஒட்டி, பூச்சுப் பூசிச் சரிசெய்யலாம். முன்கூட்டிப் பார்த்தால் அரைநாள் வேலை. விட்டுவிட்டால் கிரேன் வரவேண்டும். கிரேன் வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எந்தக் காற்றாலை முதலாளியின் முகமும் வாடிவிடும்.

இடி வேறு. இறக்கை நுனியில் உலோகப் பொட்டு ஒன்று இருக்கும். மின்னலை அது வாங்கி, உள்ளே ஓடும் கம்பி வழியாக மண்ணுக்கு அனுப்ப வேண்டும். நுனியிலிருந்து அடிவரை மின்தடையை அளந்து பார்ப்பது இந்தச் சோதனையில் கட்டாயம். நடுவில் எங்காவது இணைப்பு விட்டிருந்தால் மின்னல் தனக்கு வழி தேடிக்கொள்ளும். உள்ளே தேங்கிய ஈரம் ஒரு நொடிக்குள் ஆவியாகி விரிந்து, ஒட்டுகளைப் பிளந்துகொண்டு வெளியேறும். சித்திரையில் கோடை இடி தொடங்குவதற்குள் இதையும் முடித்தாக வேண்டும்.

அண்ணாச்சி ஒன்று சொன்னார். அவர் பார்த்துக்கொள்ளும் எந்திரங்களில் ஒன்றின் கீழே ஆடு மேய்க்கிற பெரியவர் ஒரு நாள் வழிமறித்து, "ஒங்க காத்தாடி மூணு நாளா விசில் அடிக்குய்யா" என்றாராம். ஏறிப் பார்த்தால் இறக்கை நுனியில் மின்னல் போட்ட ஓட்டை, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு. கட்டுப்பாட்டு அறைக் கணினியில் அன்றுவரை எல்லாம் பச்சையாகத்தான் இருந்திருக்கிறது. இறக்கை கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் ஒரு சீழ்க்கை என்றால் ஓட்டை அல்லது விளிம்புப் பிளவு என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து பெரியவரின் கைபேசியில் அண்ணாச்சியின் எண் இருக்கிறது.

இதற்கு நேரெதிரான கதை 2024 ஜூலை 13-ல் நடந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால், வைன்யார்ட் விண்ட் என்ற கடல் காற்றாலைத் திட்டத்தில், 107 மீட்டர் நீளமுள்ள இறக்கை ஒன்று ஒடிந்தது. நுரைக்கட்டிகளும் கண்ணாடியிழைத் துண்டுகளும் நாண்டுக்கெட் தீவின் கடற்கரையில் ஒதுங்க, கோடை விடுமுறைக் கூட்டத்தைத் தண்ணீரில் இறங்கவிடாமல் தடுத்தார்கள். இறக்கையைச் செய்த ஜிஇ வெர்னோவா நிறுவனம், தொழிற்சாலையில் ஒட்டுப் போதாமல் விட்டதுதான் காரணம் என்றும், தரச் சோதனையிலேயே அது பிடிபட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னது. அதன்பின் அதே தொழிற்சாலையில் செய்த ஏறக்குறைய 150 இறக்கைகளின் மீயொலிப் படங்களை எடுத்துத் திரும்ப ஒருமுறை பார்த்தார்கள். படங்கள் முன்பே எடுத்தவைதான். கருவி தன் வேலையைச் செய்து, படமும் எடுத்து, பத்திரமாகச் சேமித்தும் வைத்திருந்தது.

*

நாசெல்லுக்குள் இருக்கும் கியர்பாக்ஸைப் பற்றிக் கொஞ்சம். நிமிஷத்துக்குப் பதினைந்து சுற்றை ஆயிரத்து ஐந்நூறாக்கி ஜெனரேட்டருக்குக் கொடுப்பது அதன் வேலை. அதன் வயிற்றைத் திறந்து பார்ப்பது லேசில்லை. ஆகவே ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெயைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். இரும்புத்தூள் கூடியிருந்தால் பற்கள் தேய்கின்றன. செம்பு கூடினால் பேரிங் கூண்டைச் சந்தேகப்படலாம். சிலிக்கான் என்றால் சீல் வழியாக மண் உள்ளே போகிறது. ஒரு பாட்டிலில் பெரிதாக எதுவும் தெரியாது; போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டைத் தொலைத்தவர் சோதனை செய்யாதவருக்குச் சமம். பேரிங்கில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தாலும் உருளை அதன் மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் ஒரு தட்டல் எழும். பேரிங்கின் அளவும் வேகமும் தெரிந்தால் நொடிக்கு எத்தனை தட்டல் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். அதிர்வு உணரிகள் காத்திருப்பது அந்தத் தாளத்துக்காகத்தான்.

பிரேக்கும், இறக்கையைக் காற்றுக்குத் தப்பவிடும்படி திருப்பும் அமைப்பும் இன்னும் முக்கியம். நவீன எந்திரத்தில் மின்சாரம் போனாலும் ஒவ்வொரு இறக்கையும் தனித்தனியாகத் திரும்பிக்கொள்ள பேட்டரியோ, அழுத்தத்தில் எண்ணெய் அடைத்த உருளையோ குடத்துக்குள் இருக்கும். வருஷத்தில் 364 நாள் அவற்றுக்கு வேலை கிடையாது. தேவைப்படுகிற அந்த ஒரு நாளில் பேட்டரி செத்திருந்தால் என்ன ஆகும்? டென்மார்க்கில் ஹார்ன்ஸ்லெட் அருகே 2008 பிப்ரவரி 22 அன்று புயலில் பிரேக் பிடிக்காமல் போன பழைய எந்திரம் ஒன்று கட்டுமீறிச் சுற்றி, ஓர் இறக்கை டவரிலேயே மோதி, எல்லாம் சில நொடிகளில் சிதறியது. தூரத்தில் நின்று ஒருவர் வீடியோ எடுத்திருந்தார். பயிற்சி வகுப்புகளில் அதைப் போட்டுக் காட்டுவார்கள். வகுப்பில் யாரும் பேசமாட்டார்கள்.

*

இவ்வளவும் எந்திரத்துக்கு. ஏறுகிற மனிதருக்கு?

ஏணியோடு ஓர் இரும்புக் கயிறு போகும். உடம்பில் மாட்டிய ஹார்னஸ் ஒரு கவ்வியால் அதில் கோத்திருக்கும். மெதுவாக ஏறினால் கூடவே வரும், வெடுக்கென்று விழுந்தால் பிடித்துக்கொள்ளும். மேலே போனபின் எப்போதும் இரண்டு கொக்கிகள், ஒன்றைக் கழற்றுமுன் இன்னொன்றை மாட்டியிருக்க வேண்டும். குடத்துக்குள் நுழையுமுன் சுழல்தண்டில் பூட்டுக்கட்டை. மின்சாரத்தை நிறுத்திய சுவிட்சில் அவரவர் சொந்தப் பூட்டு, சாவி அவரவர் பையில். தனியாக ஏறக்கூடாது. விழுந்தவர் ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் தொடையில் பட்டை அழுத்தி ரத்தம் கால்களில் தேங்கும்; நிமிடங்களுக்குள் இறக்கியாக வேண்டும். தீயணைப்பு வண்டி வந்து சேருவதற்குள் கூட இருப்பவர்தான் இறக்க வேண்டும். மார்ச் வெயிலில் நாசெல்லுக்குள் அடுப்படிபோல இருக்கும். தண்ணீர் பாட்டிலும் பாதுகாப்புச் சாதனம்தான் என்று அண்ணாச்சி சொல்வார்.

2013 அக்டோபர் 29 அன்று நெதர்லாந்தில் ஊல்ட்ஹென்ஸ்பிளாட் அருகே ஒரு காற்றாலையில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது நாசெல்லில் தீப்பிடித்தது. நான்கு பேரில் இருவர் தப்பினார்கள். இறங்கும் வழியைத் தீ அடைத்துக்கொண்டதால் மற்ற இருவரும் உச்சியிலேயே சிக்கினார்கள். ஒருவருக்கு வயது 19, இன்னொருவருக்கு 21. கூரை மேல் இருவரும் நின்ற படம் உலகம் பூராவும் சுற்றியது. எனக்கு அதைப் பற்றி எழுத விருப்பமில்லை. ஆனால் நாசெல்லின் பின்கதவுப் பக்கம் தொங்கும் அவசர இறங்குகயிற்றுப் பையின் தேதியை ஒவ்வொரு முறையும் ஏன் பார்க்கிறார்கள் என்று கேட்டால், அந்தப் படத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

*

ஜன்னல் என்று எதுவும் இல்லாத டவருக்குள் இருக்கிறோம். ஆனால் நாசெல் கூரையை அன்று கடைசியில் திறந்தபோது, சுற்றிலும் நின்ற எந்திரங்களில் பாதி குட்டையாக, சில ஏணிக்கட்டு மாதிரி இரும்புக் கோணங்களால் பின்னிய டவரில், தொண்ணூறுகளின் பெயின்டோடு நின்றன. தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-ல் 55 கிலோவாட் எந்திரங்களோடு தொடங்கியது தமிழகத்தின் காற்றாலைக் கதை. நல்ல காற்று வீசும் இடங்களை எல்லாம் அந்தத் தலைமுறை எந்திரங்கள் முதலில் பிடித்துக்கொண்டன. இருபது வருஷத்தை எப்போதோ தாண்டியும் பல இன்னும் சுற்றுகின்றன. இவற்றைப் பிரித்துப் புதியவை வைக்கவும், புதுப்பிக்கவும், ஆயுளை நீட்டிக்கவும் 2024-ல் மாநில அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. ஆயுளை நீட்டிப்பது என்றால் யாராவது ஒருவர் ஏறி, தட்டி, அளந்து, இத்தனை வருஷம் பட்ட அடியைக் கணக்குப் போட்டு, இன்னும் இவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். வடிவமைப்பில் நினைத்ததைவிடக் காற்று சாதுவாக இருந்த இடத்தில் மிச்சம் நிறைய இருக்கலாம். பக்கத்தில் எந்திரங்களை நெருக்கி வைத்ததால் சுழல்காற்றில் அலைக்கழிந்த எந்திரத்துக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் நிற்கும். அந்தக் கையெழுத்தைப் போடத் துணிகிறவர்கள் அதிகம் இல்லை.

டவர் மேடைக்குப் பம்ப் வந்து சேர்ந்தது. சின்னவர் ஹோஸை மாட்டினார். கையேட்டுப்படி பன்னிரண்டு நட்டுகள். வளையம் நெடுகப் பரவலாகத் தேர்ந்தெடுத்துச் சுண்ணாம்புப் பொட்டு வைத்தார்கள். முதல் நட்டில் ரெஞ்சை உட்காரவைத்து அழுத்தம் கொடுத்தார். நகரவில்லை. இரண்டாவது நகரவில்லை. மூன்றாவது, நான்காவது. ஏழாவதில் 'டக்' என்று ஒரு சத்தம். சிவப்புக் கோடு நட்டின் மேல் ஒரு துண்டாகவும் வளையத்தில் ஒரு துண்டாகவும், நடுவில் நெல்மணி அகலத்துக்கு இடைவெளியோடு நின்றது.

சின்னவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால். மத்தியானம் இன்னொரு எந்திரம் இருந்தது.

"எல்லாத்தையும் போடணும். 120-ம்" என்றார். பிறகு வாக்கி-டாக்கியை எடுத்துக் கீழே ஜீப் டிரைவரிடம், சாப்பாட்டைக் கயிற்றில் கட்டி அனுப்பச் சொன்னார். தயிர்சாதம், நாரத்தங்காய் ஊறுகாய். பை ஏறி வந்த நேரத்தில் இருபத்து நான்காவது நட்டு முடிந்திருந்தது. சின்னவர் தின்னர் நனைத்த துணியால் பழைய கோட்டைத் துடைத்துவிட்டு, மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டிருந்தார்.